அட்டாலிக் கணக்கு

மேஸ்திரி திருமூர்த்தி ஏணியில் நின்றபடியே சொன்னார்:
"நடுவால ஏழடி ரெண்டங்குலமுங்க்கா.
ஓரத்துல நாலுதான். குனிஞ்சுதான் போகோணும்."
குனிவதற்கு எனக்குச் செலவில்லை.
அந்த வரியில் சுழியம் போட்டேன்.

காலர் கட்டோடு வருகிற பண்டல் சீட்டுக்குப்
பின்பக்கம் வெள்ளை.
அவிநாசியில் எங்கள் ஓட்டு வீட்டு பட்ஜெட்
அதில்தான் இருக்கிறது, ஆறு சீட்டு, ஒரு ரப்பர் பேண்டு.
இரும்பு உத்தரம் ரெண்டு, முப்பத்தெட்டாயிரம்.
பழைய பலகை மிதித்தால் முனகுகிறது, புதுசுக்கு நாற்பத்தாறு.
ஓடு பிரித்து மாற்ற, உடைகிற ஓட்டுக்கு,
உடையாமலே உடைந்ததாக எண்ணப்படும் ஓட்டுக்கு.
வயரிங். காற்றாடி.
பன்னிரண்டு நாள் டீயும் தேங்காய் பன்னும்
ஆயிரத்து நானூற்று நாற்பது.

வூட்டுக்காரர் அந்த வரியில் மட்டும் விரல் வைத்தார்:
"இதெல்லாமா எழுதுவாங்க?"
எழுதாத செலவுதான் வீட்டைத் தின்னும் என்று
சொல்ல வாயெடுத்து
டீ வைக்கப் போனேன்.

ஆடிக் காற்றில் ஓட்டைத் தொடக் கூடாதாம்.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற அது
ஒரு ஓடு பிரித்தால் ஒன்பதைக் கேட்கும்.
ஐப்பசியில் மழை.
புரட்டாசிதான் இருக்கிறது,
அதற்குள் கூலி ஏறாமல் இருக்க வேண்டும்.

"படி ரெண்டரை அடி அகலம் போதுமுங்.
இருபத்தெட்டுல முடிஞ்சிரும்."
மூணடி வேணும் என்றேன்.
முப்பத்திரண்டு.
"பையன் அவ்வளவு பெருத்தா போயிட்டான்?"
வூட்டுக்காரர் சிரித்தார்.
நிதர்சன் போனிலிருந்து தலை தூக்கவில்லை.
அவன் அறை என்றுதான் வீட்டில் பேச்சு.
நானும் மறுத்துச் சொன்னதில்லை.

"கண்ணாடி ஓடு ரெண்டு வெச்சுக்கலாமுங்."
நாலு.
"படிக்கறதுக்கு டியூப் லைட்டு பத்தாதா?"
நாலு. கிழக்குச் சரிவில் மூணு.

அப்போதுதான் மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்,
பிரிட்ஜுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே
யார் குளிக்கப் போனாலும்
நான் எழுந்து வழிவிட வேண்டியிருக்கிற
என் பவர் மெஷினை.
டேப்பை இழுத்து அதன் மேசையை அளந்தார்.
தூக்குகிற இரண்டு ஆளின் முழங்கையையும்
மனசுக்குள் அளந்திருப்பார்.
காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில்
மூணடி என்று எழுதினார்.
ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டினால் இரண்டு லட்சத்து மூவாயிரத்து முந்நூற்று நாற்பது.
ஏலம் எடுத்த சீட்டு ஒண்ணு இருபது,
தீபாவளிக்கு வர வேண்டிய போனஸ் இருபத்தெட்டு.
துண்டு விழும் என்பார்கள்,
எனக்கு விழுந்தது எட்டு முழ வேட்டி.

ஓட்டுக்குக் கீழே அடிக்கிற சீலிங்கை வெட்டினேன், பதினெட்டாயிரம்.
வெயில் சித்திரைக்குத்தானே வரும்.

பிறகு, அட்டாலியிலேயே உட்கார்ந்திருக்கிற
என் சீர்ப் பித்தளை.
அண்டா, தவலை, போகணி, அறுபத்தொரு கிலோ.
பத்தொன்பது வருஷத்தில் அதன் மேல்
கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி மட்டும் குடியிருந்தது.
கிலோ நானூற்று முப்பது என்றான் கடைக்காரன்.
"சீர்ச் சாமானத்த விப்பாங்களா?"
பெரிய நங்கையா போனில் மூச்சு வாங்கினாள்.
இத்தனை வருஷம் இடத்தை அடைத்ததற்கு
வாடகை கட்டுதுங்க என்றேன்.

மிச்சம் பதினோராயிரத்து நூற்றுப் பத்து.
காலர் டஜனுக்குப் பதினெட்டு ரூபாய்.
அறுநூற்றுப் பதினெட்டு டஜன்.
நாளுக்குப் பன்னிரண்டு வீதம் ஐம்பத்திரண்டு நாள்,
இடுப்பு ஒத்துழைத்தால்,
கரண்ட் ஒத்துழைத்தால்,
யாரும் அடிக்கடி குளிக்காதிருந்தால்.
கடைசி டஜனில் பதினாலு ரூபாய் மிஞ்சக்கூட மிஞ்சும்.

ராத்திரி சீட்டுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு
வூட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்:
"அப்ப பையன் எங்க படிப்பான்?"
பிரிட்ஜுக்குப் பக்கத்தில்
ஒரு இடம் காலியாகுதுங்க என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.
மறுபடியும் அந்த டீ வரியில் விரல் வைத்தார்.
"மெஷினத் தூக்கற அன்னைக்கு
பன்னு பத்தாது. ஆளுக்கு ரெண்டு வடை சேத்திக்கோ."

இனி
அறுநூற்றுப் பதினெட்டு போதாது.